ஒத்துப்போகாத பதில்

கிளீவ்லாந்து குடியேற்ற அலுவலகத்தில் கிரீன் கார்டு நேர்காணல். பெரு நாட்டுக்காரியான மனைவி மரிசோலை ஒரு மாதமாகவே தயார்ப்படுத்தியிருந்தான் டாரல்.

"தனித்தனியா கேப்பாங்க. ஒரு பதில் மாறினாலும் பொய்க் கல்யாணம்னு முடிவு கட்டிருவாங்க!"

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முடிந்ததும் அதிகாரி கேட்டார்: "தினமும் காலையில எங்க போறீங்க?"

டாரலுக்கு வியர்த்தது. "தொழிற்சாலையில ஆள் குறைச்சுட்டாங்க சார். ரெண்டு மாசமா ஏரிக்கரையில காருக்குள்ளதான் உக்காந்திருக்கேன். அவளுக்குத் தெரியாது."

"வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை வாங்கலையா?"

"வாங்கினா அவ கார்டு போயிடுமே சார்!"

அடுத்து மரிசோல் உள்ளே போனாள். டாரல் வெளியே நகத்தைக் கடித்தான். தொழிற்சாலைக்குப் போகிறார் என்றுதானே சொல்லித் தொலைப்பாள்!

கடைசியில் இருவரையும் உட்கார வைத்து அதிகாரி சொன்னார்: "ஒரே ஒரு பதில்தான் ஒத்துப்போகல."

"அது அவ தப்பில்ல சார்..."

"உங்க தப்புதான். அவங்களுக்குத் தெரியாதுன்னீங்க. 'ஏரிக்கரையில குளிருமே, அதான் ரெண்டு மாசமா சாண்ட்விச்சை நிறுத்திட்டு சுடச்சுட சூப் குடுத்தனுப்பறேன்'ங்கறாங்க! பொய்ப் பெண்டாட்டி இப்படிச் செய்வாளா?" சிரித்தபடி கோப்பில் கையெழுத்திட்டார்.

மரிசோல் எழவில்லை. "சார், வேலையில்லாதவங்களுக்குத் தர்ற உதவித்தொகை வாங்கினா கார்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே இவருக்குச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நான் எப்படி சார் சொல்றது? இவருக்கு வேலை போனதே எனக்குத் தெரியாதே!"