எந்தக் கை

"பெரியவங்க குடுக்கிறாங்க, பீச்சாங்கையால வாங்குறியே?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் சுகுமாறன். மகள் தேன்மொழி சட்டென்று கையை மாற்றி ரைஃபிளை வாங்கிக்கொண்டாள். ஜொகூர் பாருவில் அந்தத் துப்பாக்கிக் கடையில் அவருக்கு மானமே போய்விட்டது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. சின்னப் பிள்ளையிலேயே அடிச்சுத் திருத்தினேன். இன்னும் போகல."

"பரவால்ல லா," என்று சிரித்தார் கடைக்காரர் மணியம். "இங்க பாரும்மா. நீ கலந்துக்கப்போறது ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூணையும் மாத்தி மாத்திச் சுடுற போட்டி. அவசரத்துல கை தடுமாறக்கூடாது. நம்ம கடையில இருக்கிறதுல இந்த மாடலுக்குத்தான் ரெண்டு பக்கமும் சேஃப்டி பட்டன் இருக்கு. இடது கைக்காரங்களுக்குத் தோதா இருக்கும்."

தேன்மொழி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சாதா மாடலே போதும், அங்கிள்."

"அப்படிச் சொல்லு," என்றார் சுகுமாறன். "கொடு, கனமா இருக்கான்னு பார்ப்போம்."

வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராத மனிதர், அதைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தார்.

"அலமாக்! அப்பாவுக்கும் இந்த மாடல்தான் சரிப்படும் போல!" என்றார் மணியம்.

அப்போதுதான் சுகுமாறன் கவனித்தார். துப்பாக்கி அவருடைய இடது தோளில் ஏறியிருந்தது. வலது கண் மூடியிருந்தது. விசையில் இருந்தது பீச்சாங்கை விரல்.

அவசரமாக இறக்கி வைத்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தேன்மொழி மெதுவாகக் கேட்டாள்.

"உங்களை யாருப்பா அடிச்சாங்க?"