தூதுப் புறாக்களின் முதல் ஒப்பந்தம்

கடிதம் சுமக்கும் புறாக்கள் சங்கம் வைத்துப் போராடியதில், முதலாளி முதன்முதலாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். சம்மதிப்பவர்கள் பானையில் சோளம் போட வேண்டும், மறுப்பவர்கள் உளுந்து.

“ரெட்டைத் தீனி! புயலடிச்சா பறக்கவே வேண்டாமாம்!” என்றபடி சாம்பல் புறா ஒரு சோளத்தைப் பானைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனது.

“நல்லதுதான். ஆனா புயலா இல்லையான்னு யாரு சொல்றது?” என்று கேட்டது புள்ளிப் புறா.

“முதலாளிதான்.”

“எங்கேருந்து பார்த்துச் சொல்வாரு?”

“வீட்டுக்குள்ளேருந்து…” சாம்பல் புறா நின்றது. போன ஐப்பசியில் அதன் வால் இறகில் பாதி புயலோடு போயிருந்தது. அன்றைக்கு ஜன்னல் இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டித்தான் முதலாளி அதைப் பறக்கவிட்டார்.

அது சோளத்தை விழுங்கிவிட்டு, “உளுந்து எங்கே இருக்கு?” என்று கேட்டது.