இன்னும் சத்தமா!

டிக்கோயாவில் ஞாயிற்றுக்கிழமை மழை. தேயிலைத் தோட்ட லயத்து வரிசையில், தன் ஒற்றையறைக் காம்பராவில் யோகேஸ்வரன் மனைவி ஜீவராணிக்குப் பேய் நாவல் வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த காம்பராவில் இருக்கும் அவள் தங்கை பிரியந்தி, பைப் தண்ணிச் சண்டையில் பேச்சை நிறுத்தியதிலிருந்து ஜீவராணி முகத்தில் சிரிப்பே இல்லை. அதை வரவழைக்கத்தான் இந்தப் பேய்.

“சத்தமா வாசிங்க.”

“பக்கத்துலதானே இருக்கே?”

“இன்னும் சத்தமா!”

அவர் கத்திய கத்தலில் ஹட்டன் வரைக்கும் தேயிலைச் செடிகள் கொழுந்தைச் சுருட்டிக்கொண்டன. “கதவு மெல்லத் திறந்தது. உள்ளே...”

ஜீவராணி புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். “இன்னைக்கு இது போதுங்க.”

“அடியே, உள்ளே யாருன்னு தெரிய வேணாமா?”

“நான் நேத்தே முழுசா வாசிச்சிட்டேன்.”

“பிறகு எதுக்கு என் தொண்டையைக் கிழிச்சே?”

கூரை வரை எட்டாத நடுச்சுவரைக் காட்டிக் கண்சிமிட்டினாள் ஜீவராணி. “அங்க ஒருத்தி காதை வச்சுக்கிட்டு இருக்கா. பேய்க்கதைன்னா அவளுக்கு உசுரு.”

வாசற்கதவு படபடவென்று அதிர்ந்தது. யோகேஸ்வரன் துள்ளிய துள்ளலில் கூரைத் தகரமே நெளிந்தது.

தலையணையும் கையுமாகப் பிரியந்தி நின்றாள்.

“உள்ள யாரு இருந்தா? சொல்லித் தொலை அக்கா! தனியா இருக்கப் பயமா இருக்கு!”

“ஒட்டி உக்காரு, சொல்றேன்” என்று வாயெல்லாம் பல்லாகக் கம்பளியை விரித்தாள் ஜீவராணி.