இரவல் லேப்டாப்

தாராவி வீட்டில், தம்பியின் லேப்டாப்பில் மறுபடியும் சிவப்பு எழுத்தில் பிழை வந்து நின்றது. இசக்கிசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னதான்க்கா செய்யுத?" என்றான் ராஜபாண்டி.

"இது தமிழ் எழுத்த இந்தி எழுத்தா மாத்துற இலவச சாஃப்ட்வேர். நெட்டுல இருக்க புரோகிராம் கோட இறக்கி, நம்மளே பில்ட் பண்ணி ஓட வைக்கணும். நாளைக்கு ஈவினிங் கிளாஸ்ல புது கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டணும். ஓடலன்னா நான் ஃபெயில்."

"உன் லேப்டாப்புலதான் ஜோரா ஓடுதே! அதப் பைக்குள்ள தூங்க விட்டுட்டு என்னுத ஏன் போட்டுப் படுத்துத?"

"அதுல மட்டும் ஓடுனா போதாதுல. வேற கம்ப்யூட்டர்லயும் ஓடணும்." சாஃப்ட்வேரோடு வந்த குறிப்பில் இருந்த கட்டளைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக அடித்தாள். மறுபடியும் சிவப்பு. ராஜபாண்டி எட்டிப் பார்த்தான்.

"ஏதோ ஃபைல் இல்லங்குது. எழுதுனவன் அதப் போடாமலே விட்டிருக்கான், கூறுகெட்டவன்! நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டு மெயில் போடு."

"மெயிலெல்லாம் வேண்டாம்ல."

பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். எதையோ தேடிப் பிடித்து நெட்டில் ஏற்றினாள். பிறகு தம்பியின் லேப்டாப்பில் இறக்கியதை எல்லாம் அழித்துவிட்டு, பிடிவாதமாக முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை சிவப்பு வரவில்லை. அவன் பெயரைத் தமிழில் அடித்தாள். இந்தியில் வந்து நின்றது.

"அரே வா! அந்த ஃபைல் உங்கிட்ட எப்படிக்கா வந்துச்சு?"

"எங்கிட்ட மட்டும்தாம்ல இருந்துச்சு. அதான் என் லேப்டாப்புல மட்டும் ஓடிச்சு" என்றாள் இசக்கிசெல்வி. "எழுதிட்டு, இந்த ஃபைல நெட்டுல ஏத்த மறந்த அந்தக் கூறுகெட்டவ நாந்தான்."