தொட்டி மூடி

"மூடியத் திறக்கச் சொல்லுதாங்க மேடம்."

ஆபீஸ் சாப்பாட்டு அறையில், தயிர்ச்சாதம் பிசைந்த வலது கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் போனைத் தள்ளினாள். செய்தி கீழே இன்னும் இருந்தது.

"நீங்க சொல்லித்தான் மூடுனேன். இப்ப எல்லாரும் திறக்கச் சொல்லுதாங்க. நீங்க என்ன சொல்லுதீங்க?"

கோமதிநாயகம். அவள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கதை எழுதுகிறவர். சங்கரன்கோவில் பக்கம். நேரில் பார்த்ததில்லை.

ஞாயிறுதோறும் ஒருவர் தன் கதையைக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் எந்த விளக்கமும் கொடுக்கக் கூடாது. நன்றி மட்டும் சொல்லலாம். பிறகு திருத்திய வடிவம்.

அந்த விதியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

அவருடைய கதையின் முதல் வடிவத்தில் ஒரு அப்பா, வாசலில் இருக்கும் தரைத்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறார். போன் வருகிறது. பேசிக்கொண்டே தெருமுனை வரை போகிறார்.

திரும்பி வரும்போது தொட்டியின் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது.

சின்னச் செருப்பு.

முதல் கருத்து அவளுடையது.

'தற்செயலை நம்பி ஒரு கதை நிற்க முடியாது. மூடியைத் திறந்து போட்டுவிட்டு ஒரு அப்பா அத்தனை தூரம் போவார் என்பதை நம்ப முடியவில்லை. குழந்தை பிழைத்தால் கதை இன்னும் ஆழமாகும்.'

"நன்றி மேடம்" என்று போட்டிருந்தார்.

இரண்டாம் வடிவத்தில் அப்பா மூடியை மூடிவிட்டுத்தான் போன் பேசப் போனார்.

அதைப் படித்த அன்றுதான் அவருடைய முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு சிறுமி. இரட்டைப் பின்னல். சிவப்பு ரிப்பன். முன்பல் ஒன்று இல்லை.

சட்டம் போட்ட படத்தை மறுபடி படம் எடுத்திருக்கிறார். கண்ணாடியில் அவர் கையின் நிழல். ஓரத்தில் சந்தன மாலை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவரே சொல்லாததை எப்படிச் சொல்வது?

வடிவங்கள் வந்துகொண்டே இருந்தன.

கதையில் அந்த அப்பாவின் மகள் நிவேதாவுக்குப் பல் முளைத்தது. அம்மை போட்டது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாகற்காயைத் தட்டுக்கு அடியில் ஒளித்தாள். இந்த முறை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

வேறு எதுவும் நடக்கவில்லை.

எதுவும் நடக்காமல் அவர் பார்த்துக்கொண்டார்.

குழுவை நடத்தும் எபனேசர் நேற்று எழுதியிருந்தான். "அண்ணாச்சி, பாப்பா வளந்துட்டே போவுது, கதையக் காணோமே! அடுத்த தடவ கல்யாணப் பத்திரிகை வருமா?"

வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

பிறகு கொஞ்சம் கறாராக: "முதல் வடிவந்தான் அண்ணாச்சி கதை. நம்ம குழுவோட கதைத் தொகுப்பு அச்சுக்குப் போகப் போவுது. அந்த முடிவையே வச்சிருங்க. மூடி திறந்தே கிடக்கட்டும்."

எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அவர்கள் சொன்னதில் தவறில்லை. அது அவளுக்கும் தெரியும். அந்த ஒற்றைச் செருப்புக்குப் பிறகு அவர் எழுதிய எதுவும் கதை இல்லை.

குழுவில் அவர் நன்றி மட்டும் போட்டிருந்தார். பிறகுதான் இவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறார்.

"என்ன மேடம், கையில சோறு காயுது. அப்படி யாரு போன்ல?" எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேஷியர் பரிமளா கேட்டாள்.

"கதை எழுதுற சார் ஒருத்தர். முடிவு கேக்குறார்."

"கதைதானே! சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. எங்க ஓடிறப் போகுது?"

'திறக்க வேண்டாம் சார்' என்று அடித்தாள்.

அழித்தாள். ஒரு சொல்லில் மூடிவிடக்கூடிய தொட்டியா அது?

'முதல் வடிவம்தான் நல்ல கதை.'

அழித்தாள்.

'என்னை மன்னித்துவிடுங்கள்.'

எதற்கு என்று கேட்பார். அதையும் அழித்தாள்.

அவர் ஆன்லைனிலேயே இருந்தார். அவள் எழுதுவதும் நிறுத்துவதும் அங்கே அவருக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

திரையின் மேலே எபனேசர் வந்தான். "அக்கா, அண்ணாச்சிட்ட பேசிட்டீங்களா? நீங்க சொன்னா உடனே கேப்பாரு."

கேட்பார்.

கடைசி வடிவத்தைத் திறந்தாள். கடைசிக் காட்சி. அரையாண்டு விடுமுறை. மூடிய தொட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிவேதா கணக்குப் போடுகிறாள். இரட்டைப் பின்னல். சிவப்பு ரிப்பன். அப்பா படிக்கட்டில் இருக்கிறார். போன் அடிக்கிறது.

அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்கிறது.

இதுவரை அவள் இந்தக் கதையில் பிழைகளை மட்டும்தான் தேடியிருக்கிறாள். இப்போது அந்த மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தாள். வெயில் சுடாதா என்று தோன்றியது.

இடது கட்டைவிரலால் மெதுவாக எழுதினாள்.

"ஏழாவது படிக்கிற பிள்ளை லீவு நாள்ல ரிப்பன் கட்டாது சார். ஒத்தப் பின்னல் போட்டுவிடலாம்."

அனுப்பிவிட்டாள். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

நீல நிறத்தில் இரண்டு டிக்குகள்.

"நன்றி மேடம்."

விதிப்படி அவ்வளவுதான்.

ஆனால் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். நின்றது. மறுபடி எழுதினார். நின்றது.

பரிமளா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போதுதான் அவருடைய செய்தி வந்தது.

"ஒத்தப் பின்னல்ல அவ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியலையே மேடம்."