பத்துக்கு இரண்டு

இரண்டு சீட்டிலும் 'இரண்டு' என்றே எழுதியிருந்தது. நர்ஸுக்குச் சுருக்கென்றது.

அந்த வார்டில் ஒரு வழக்கம். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு ஸ்டெம் செல் ஏற்றுவதற்கு முதல் நாள், அவரும் வீட்டாரும் தனித்தனிச் சீட்டில் எழுதித் தர வேண்டும். 'இந்தச் சிகிச்சையில் பத்துப் பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள்?' டாக்டர் சொன்னது மண்டையில் ஏறியதா என்று பார்க்கத்தான்.

டாக்டர் ஐந்து என்றால் எட்டு என்று எழுதுகிறவர்களைத்தான் நர்ஸ் இதுவரை பார்த்திருக்கிறாள். ஏழு என்றதை இரண்டாக்கிய ஆள் இந்த நோயாளி ஒருவர்தான். அதுவும் கணக்கு வாத்தியார்!

ஸ்டெம் செல் கொடுக்கப்போகும் தங்கை, டாக்டர் பேசியபோது ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். அண்ணன் சொன்னதை அப்படியே நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் நேரே வாத்தியாரிடம் போனாள்.

"சார், டாக்டர் ஏழுன்னு சொன்னப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"ஆமா சிஸ்டர். நின்னீங்க."

"அப்புறம் ஏன் ரெண்டு? பயமா?"

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா காது நல்லாத்தான் கேட்குது."

"அப்போ வேணும்னேதான் சொன்னீங்களா? உங்களுக்காக ஊசி குத்திக்கிற பொண்ணை இப்படி அழவைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா சார்?"

வாத்தியார் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். தங்கை வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாக்கூடத் தன்மேலதான் தப்புன்னு அழுவா. ஏழுன்னு சொல்லிட்டு, மீதி மூணுல நான் போய் விழுந்துட்டேன்னு வைங்க. 'என் செல்லுதான் சரியில்லை, நான்தான் அண்ணனைக் கொன்னுட்டேன்'னு ஆயுசுக்கும் மருகுவா. ரெண்டுன்னா, கொஞ்ச நாள் அழுதுட்டு எழுந்துடுவா."

நர்ஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரி, பிழைச்சுட்டீங்கன்னா?"

வாத்தியார் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்போ, 'தேறவே மாட்டான்னு இருந்தவனை நான்தான் இழுத்துட்டு வந்தேன்'னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பீத்திப்பா. பீத்திக்கட்டுமே சிஸ்டர்!"