படலையில் கட்டிய வேப்பிலை

மூவாயிரத்து அறுநூறு என்று சோமசேகரம் போனைப் பார்த்து இரண்டு தரம் வாசித்தார்.

மூன்றாம் தரம் மகாதேவியே போனைப் பறித்து வாசித்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன் அவளின் இரத்தத்தில் அது ஆயிரத்து நானூறு. வெள்ளணு இவ்வளவு குறைந்தால் ஒரு தடிமன் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும், அது ஏறும்வரை கதிர்ச் சிகிச்சை இல்லை, வீட்டுக்கு ஒருவரையும் எடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாளைக்கே திரும்பத் தொடங்கலாமாம்.

அப்பாடா என்று மகாதேவி கதிரையில் சாய்ந்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு வந்தது.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல்.

தொண்டைமானாற்றில் ஒருவர் வருத்தமாகப் படுத்தால் ஊரே தோடம்பழப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். அவள் கணவர் சோமசேகரமோ யாருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசன். அப்படியிருந்தும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வளவிலிருக்கும் பத்மாவதி மச்சாள்கூட வரவில்லை.

புற்றுநோய் என்றதும் எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று அவள் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதிருக்கிறாள். நேற்று இரத்தம் எடுக்க வந்த பெண்கூடப் படலையடியில் தயங்கி நின்று, இரண்டாவது மாஸ்க்கையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

இன்றைக்குக் காலில் கொஞ்சம் பலம் வந்தது போலிருந்தது. மெல்ல நடந்து போய்ப் படலையைத் திறந்தாள்.

படலையின் வெளிப்பக்கம் முழுக்க வேப்பிலைக் கொத்து. அதன் கீழே ஒரு குலை செவ்விளநீர். பத்மாவதியின் வளவில் மட்டும் காய்க்கிற இளநீர்.

உடம்பில் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்த வீட்டில்தான் அப்படிக் கட்டுவார்கள். தண்ணீர் வார்க்கும்வரை அந்தப் படலையை எவரும் தாண்டமாட்டார்கள். கோபிக்கவும் மாட்டார்கள்.

பின்னால் வந்த சோமசேகரம் தலையைச் சொறிந்தார். அம்மாளாச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கட்டினாராம்.

"நான் வரவேண்டாம் எண்டு சொன்னா ஆர் கேக்கப் போயினம்? அம்மாள் சொன்னாக் கேப்பினம்."

மகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. ஊரைப் பன்னிரண்டு நாள் மனதுக்குள் வீணாகத் திட்டியிருக்கிறாள்.

அவர் அவசரமாக வேப்பிலையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உது வாடிப்போச்சு, அவிழுங்கோ. அவிழ்த்துப்போட்டுப் புதுசாய்க் கட்டுங்கோ. இன்னும் பதினைஞ்சு நாள் கதிர் பிடிக்கக் கிடக்கெல்லே."